முதுகு தெரியும் படம்

எங்கள் கிளப்பில் ஒரு தொழிலுக்கு ஒரு பெண்தான். ஒரு ஆடிட்டர், ஒரு வக்கீல், ஒரு மகப்பேறு மருத்துவர், ஒரு பல் மருத்துவர், ஒரு கல்லூரி முதல்வர். இரண்டாவது ஆடிட்டர் உள்ளே வர வேண்டுமென்றால் முதல் ஆடிட்டர் விலக வேண்டும், இல்லாவிட்டால் சாக வேண்டும். பத்திரிகைக்கான இடம் பல வருடங்கள் காலியாகக் கிடந்தது. இங்கே ஒரு ஆங்கில நாளிதழின் செய்திப் பிரிவில் முப்பது வருடத்துக்கு மேல் மற்றவர்கள் எழுதியதைத் திருத்திக்கொண்டிருந்துவிட்டு நான் ஓய்வு பெற்ற மூன்றாவது மாதம், முன்பொரு காலத்தில் என் கர்ப்பப்பையை எடுத்த மகப்பேறு டாக்டர் போன் செய்தார். அவர் தெலுங்குக்காரர். சென்னையில் படித்த நாள்களில் கற்ற தமிழை என்னிடம் மட்டும் தூசி தட்டி எடுப்பார்.

"சும்மாதானே இருக்கீங்க? வந்துடுங்க. பெண்களுக்காகப் பெண்கள். நல்லா இருக்கும்."

போனேன். மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை, செகந்திராபாத்தில் ஒரு ஹோட்டலின் சிறிய ஹால். மேஜை மேல் ஒரு பித்தளை மணி, அதை அடிக்க ஒரு மரச் சுத்தி. தலைவியின் கழுத்தில் முன்னாள் தலைவிகளின் பெயர் பொறித்த சங்கிலி. அந்த வருடத் தலைவி ஆடிட்டர். கூட்டத்தை நேரத்துக்கு ஆரம்பித்து நேரத்துக்கு முடிப்பார். அந்த ஒன்றுக்காகவே எனக்கு அவரைப் பிடித்தது.

கிளப் வேலை செய்யாமல் இல்லை. பள்ளிக்கூடங்களில் பெண்பிள்ளைகளுக்குக் கழிப்பறை கட்டிக் கொடுத்தார்கள். கண் பரிசோதனை முகாம் நடத்தினார்கள். தையல் மெஷின் கொடுத்தார்கள். ஆனால் ஒவ்வொரு காரியத்துக்கும் மேலிடத்துக்கு ஒரு படிவம் போக வேண்டும். படிவத்துக்குப் புள்ளிகள் உண்டு. புள்ளிகளை வைத்து வருடக் கடைசியில் கிளப்புகளுக்குள் போட்டி. படிவத்தின் அடியில் புகைப்படம் ஒட்ட ஒரு கட்டம். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் புள்ளி கிடையாது. போட்டோ இல்லாத சேவை நடக்காத சேவை.

பத்திரிகைக்காரி என்பதால் மாத இதழை என் தலையில் கட்டினார்கள். எட்டுப் பக்கம், ஆங்கிலத்தில்.

டாக்டருடைய நர்சிங் ஹோமில் ஆயாவாக ஒரு தமிழ்ப் பெண் வேலை பார்த்தாள். குடியாத்தம் பக்கம். புருஷன் சனத்நகரில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறவர். கல்யாணமான புதிதில் வந்தவர்கள், லோத்குண்டாவிலேயே இருந்துவிட்டார்கள். ஒரே மகள், பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள். நர்ஸ் ஆக வேண்டும் என்று பிடிவாதம். ஒரு அறக்கட்டளை மருத்துவமனையின் நர்ஸிங் பள்ளியில் டாக்டர் சொல்லி இடம் கிடைத்துவிட்டது. மூன்று வருடம், ஹாஸ்டலோடு. செலவைக் கிளப் ஏற்றுக்கொள்ளும். ஆனால் தாய் எதற்கோ தயங்கினாள்.

"உங்க பாஷைதானே? நீங்க பேசிப் பாருங்க" என்றார் டாக்டர்.

கண்டோன்மென்ட் மதிலை ஒட்டிய சந்தில் ஒன்றரை அறை வீடு. அந்தம்மா எனக்கு நாற்காலி போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். நான் வேண்டாம் என்றேன். கேட்கவில்லை.

"இன்னாத்த மேடம் சொல்றது? எங்க ஊட்டுக்காரரோட அக்கா மவன் ஒருத்தன் கீறான். ரெண்டு லாரி வச்சினு கீறான். இவ பொறந்தப்பவே பேசினது. பையன் கெட்டவன்லாம் இல்ல, பொய் சொல்லக் கூடாது. ஆனா இவ நர்சு, நர்சுன்னு நிக்கிறா."

"வேண்டாம்னு சொல்லிடுங்களேன்."

அந்தம்மா சிரித்தாள். படித்தவர்கள் ஏதாவது சொன்னால் வரும் சிரிப்பு.

"அது எப்டி மேடம்? எங்க ஊட்டுக்காரருக்கு ஆத்தா அப்பன் இல்ல. அந்த அக்காதான் பீடி சுத்தி, சோறு போட்டு, ஐடிஐ படிக்க வச்சிச்சு. அதுங்கிட்ட போயி உம் புள்ளைக்குப் பொண்ணு இல்லன்னு சொல்ல வாய் வருமா?"

அப்புறம் குரலை இறக்கி அவர்கள் வைத்திருந்த யோசனையைச் சொன்னாள். புருஷனுக்கும் அது தெரியும், பாதி அவருடைய யோசனைதான். கவர்மென்ட் சீட்டு கிடைத்துவிட்டது, விட்டால் திரும்ப வராது, மூன்று வருடம் முடிக்கட்டும் என்று அக்காவிடம் சொல்வார்கள். அக்கா ஒத்துக்கொள்ளும்.

"பையனுக்கு இப்பவே இருவத்தொம்போது. இன்னும் மூணு வருசம் எவன் காத்துனு இருப்பான்? அவங்களே வேற எடம் பாத்துப்பாங்கோ. யாரும் யாரையும் இல்லன்னு சொல்லாமலே முடிஞ்சிரும்."

அதைவிடச் சுத்தமான ஒரு ஏற்பாட்டை நான் எந்த வக்கீலிடமும் கேட்டதில்லை.

"ஒண்ணே ஒண்ணு மேடம். போட்டா வோணாம். பேரு வோணாம். கிளப்பு குடுத்துச்சுன்னே தெரியக் கூடாது. எதுலயும் எழுத வோணாம்."

சரி என்றேன். மகள் வாசற்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பதினெட்டு முடிந்து இரண்டு மாதம். தமிழ் புரியும், பதில் மட்டும் ஹிந்தியில் வரும். ரத்தத்தைப் பார்த்துப் பயம் இல்லையா என்று கேட்டேன். இல்லை, பக்கத்து வீட்டுப் பையனின் மண்டை உடைந்தபோது நானே துணி கட்டினேன் என்றாள்.

"ரத்தத்துக்குப் பயம் இல்ல மேடம். பல்லிக்குத்தான் பயம்" என்றாள் தாய்.

"அம்மா! நக்கோ!" வேண்டாம் என்று பெண் முகத்தை மூடிக்கொண்டாள்.

அடுத்த கூட்டத்தில் நிபந்தனையைச் சொன்னேன்.

"போட்டோ இல்லாம எப்படி?" என்றார் ஆடிட்டர். "இந்த வருஷத்தோட பெரிய ப்ராஜெக்டே இதுதான். படிவத்தில என்ன ஒட்டறது?"

"பொண்ணு மேஜர்" என்றார் வக்கீல். "அவகிட்டயே ஒரு ஒப்புதல் வாங்கிட்டா போதும். அம்மா சம்மதம் தேவையில்ல."

டாக்டர் என்னைப் பார்த்தார். அப்போது நான் பேசாமல் இருந்திருக்கலாம். புள்ளி போயிருக்கும், அவ்வளவுதான். எனக்கோ ஒரு சிக்கலைக் கொடுத்தால் அச்சுக்குப் போகும் நேரத்துக்குள் தீர்த்துவைத்துப் பழக்கம். அடையாளம் தெரியக் கூடாதவர்களை நாங்கள் பின்னாலிருந்து படம் எடுப்போம், கட்டுரையின் கீழே 'பெயர் மாற்றப்பட்டுள்ளது' என்று போடுவோம், ஒருவருக்கும் கெடுதல் வராது என்று சொன்னேன். கெடுதல் வந்ததா இல்லையா என்று அத்தனை வருடத்தில் ஒரு தடவைகூடப் போய்ப் பார்த்ததில்லை என்பதைச் சொல்லவில்லை. அன்று அது எனக்கே தோன்றவில்லை.

"வாஹ்! ப்ரெஸ் மூளைன்னா இதான்!" என்றார் ஆடிட்டர். கை தட்டினார்கள்.

தாயிடம் நானே போய்ச் சொன்னேன். முகம் தெரியாது, பேர் இருக்காது, இங்கிலீஷில்தான் வரும், உங்கள் ஊரில் யார் பார்க்கப் போகிறார்கள் என்றேன். "நீங்க சொன்னா சரி மேடம்" என்றாள். தமிழில் கேட்டதால் கிடைத்த சம்மதம் அது. ஹிந்தியில் கேட்டிருந்தால் புருஷனைக் கேட்டுச் சொல்கிறேன் என்றிருப்பாள்.

படம் அந்த ஹாலிலேயே எடுக்கப்பட்டது. பட்டுச் சேலையில் ஒன்பது பேர் கேமராவைப் பார்த்து வரிசையாக நிற்கிறோம். நடுவில் டாக்டர் வெள்ளை யூனிபார்மை நீட்டுகிறார். அதை வாங்குகிற பெண்ணின் முதுகு மட்டும் தெரிகிறது. எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய ஒற்றைச் சடை, மஞ்சள் சுடிதார். ஒன்பது முகம், ஒரு முதுகு.

ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதினேன். கண்ணியமான கட்டுரை. லேத் ஓட்டும் தகப்பன், ஆயா வேலை பார்க்கும் தாய், பிறந்தபோதே பேசப்பட்ட கல்யாணம், அத்தை பீடி சுற்றித் தம்பியை வளர்த்தது, எல்லாம் இருந்தது. அதை உறுப்பினர்கள் படித்தார்கள். வேறு ஒருவரும் படிக்கவில்லை. அதனால் ஒரு கெடுதலும் வரவில்லை.

வேலூரில் எங்களுக்கு ஒரு சகோதரி கிளப் உண்டு. வருடத்துக்கு ஒரு முறை அவர்கள் இதழில் எங்கள் கட்டுரை, எங்கள் இதழில் அவர்கள் கட்டுரை. அதன் தலைவி ஆடிட்டருக்குப் போன் செய்து, அந்த நர்ஸிங் பெண் கதையைத் தமிழில் தர முடியுமா என்று கேட்டார்.

"உங்களுக்குத் தமிழ் எழுத வரும்தானே?" என்றார் ஆடிட்டர்.

வரும். ஆறு வயதில் அப்பாவின் பாதுகாப்பு ஆராய்ச்சிக்கூட வேலைக்காக இந்த ஊருக்கு வந்த எனக்கு, பள்ளியில் தமிழ் கிடையாது. வாரப் பத்திரிகைகளை வைத்து வீட்டிலேயே கற்றது. என் பெயர் தமிழில் ஒரு தடவைகூட அச்சாகவில்லை. மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். பழைய தொழில்தானே, எது கதையை இழுத்துப் பிடிக்கிறது, எது தளர்த்துகிறது என்று கைக்குத் தெரியும். அத்தை பீடி சுற்றி வளர்த்த வரி தளர்த்தியது. அத்தை மேல் இரக்கம் வந்துவிட்டால் கல்யாணத்தின் மேல் கோபம் வராது. எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் ‘பிறந்த அன்றே விலை பேசப்பட்ட பெண்’ என்று எழுதினேன். தலைப்பும் அதுவே ஆயிற்று.

பெயரை மாற்றினேன். குடியாத்தத்தை எடுத்துவிட்டு வேலூர் மாவட்டம் என்று போட்டேன். மற்றதையெல்லாம் சரிபார்த்துப் பிழையில்லாமல் வைத்தேன். லோத்குண்டா சரி. சனத்நகர் லேத் சரி. அத்தை மகன், லாரி இரண்டு, வயது இருபத்தொன்பது, எல்லாம் சரி.

வேலூர் கிளப் அதை இதழில் போட்டது, ஃபேஸ்புக்கிலும் போட்டது, கூடவே அந்தப் படத்தையும். அங்கிருந்து வாட்ஸ்அப். எந்தக் கை வழியாகப் போயிற்று என்று எனக்குத் தெரியாது. பத்து நாளில் குடியாத்தம் லாரிக்காரர்களின் குழுவுக்குப் போய்ச் சேர்ந்தது. "என்னடா மாப்ள, வெல படியலையா?" என்று ஒருவன் அதன் கீழே எழுதியிருந்தானாம். வரிகளை வைத்துச் சந்தேகப்பட்டவர்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். அந்த மஞ்சள் சுடிதார் பொங்கலுக்கு அத்தை எடுத்து அனுப்பியது. வீட்டிலிருந்ததில் அதுதான் நல்ல துணி.

தாய் போன் செய்தாள். குரலில் கோபம் இல்லை, குழப்பம் மட்டும் இருந்தது.

"பேரு போடலன்னீங்களே மேடம். இங்கிலீசுன்னீங்களே. எப்டி மேடம்?"

மறுநாள் போனேன். அத்தை தனியாக ரயிலேறி வந்திருந்தாள். நான் எழுதியதை வைத்து நான் ஒரு உருவத்தை நினைத்து வைத்திருந்தேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்தது ஒல்லியான, இருமுகிற, கண்புரை விழுந்த ஒரு வயதான பெண். வலது கட்டைவிரல் நகம் பீடி இலை மடக்கி மடக்கித் தேய்ந்திருந்தது. எழுந்து எனக்கு நாற்காலியைக் கொடுத்தாள்.

"நீதான் எழுதினியா?"

"ஆமாம்மா."

"நல்லா எழுதிக்கிறியே. எனக்குப் படிக்கத் தெரியாது. எம்மவன்தான் படிச்சுக் காமிச்சான். ரெண்டு வாட்டி படிச்சான்." இருமினாள். "வெலன்னு எழுதிக்கிறியே, அது இன்னா வெல? எவ்ளோ? நான்தானே குடுத்தேன், எனக்கே தெரியல."

லேத்காரர் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். அன்று வேலைக்குப் போகவில்லை. அவரோடு நான் பேசுவது அதுவே முதல் தடவை. அவரைப் பற்றி இரண்டு மொழியில் எழுதியிருந்தேன்.

"மேடம், நீங்க எம் பொண்ணுக்கு நல்லதுன்னு நெனச்சுதான் செஞ்சீங்க. நான் இல்லன்னு சொல்லல. எங்க அக்கா என்னை வளத்தது உங்களுக்குத் தெரியும். என் சம்சாரம் சொன்னேன்னுச்சு. ஏன் மேடம் அதை மட்டும் எழுதல?"

இட நெருக்கடி என்று சொல்ல வாய் வரை வந்தது. எத்தனையோ பேரிடம் சொன்ன பதில்.

"இன்னும் ஒண்ணும் கெட்டுப்போகல" என்றேன். "பொண்ணு படிக்கட்டும். மூணு வருஷம் கழிச்சு—"

"இனிமே எப்டி மேடம்?" என்றார். "மூணு வருசம் தள்ளலாம்னு எந்த வாயால கேக்கறது? இப்ப இல்லன்னு சொன்னா நீங்க எழுதினது நெசம்னு ஆயிடும். ஊரே அதைப் படிச்சிருக்கு. பொண்ணைக் குடுத்தாதான் அது பொய்."

அவர் பெண்ணைக் கொடுப்பது அத்தை கேட்டதால் அல்ல. அவள் வாயே திறக்காமல் இருந்திருந்தாலும் அவர் கொடுத்திருப்பார்.

பெண் அடுப்படியில் நின்றிருந்தாள். கிளம்பும்போது அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று உள்ளே எட்டிப் பார்த்தேன். அவளே பேசினாள்.

"லிக்கோ நக்கோ போலே தே நா, மேடம்?"

எழுத வேண்டாம் என்று சொன்னோமே என்று கேட்டாள். அழவில்லை. கேள்வியாகவே கேட்டாள், பதிலுக்குக் காத்து நின்றாள். நான் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த வாரக் கடைசியில் அவளைக் குடியாத்தம் அழைத்துப் போனார்கள். தாய் நர்சிங் ஹோமுக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

கூட்டத்தில் நடந்ததைச் சொன்னேன். செய்தி சொல்வதுபோல, முக்கியமானது முதலில், வரிசையாக. வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பதினெட்டு முடிஞ்சிருக்கு. குழந்தைத் திருமணம்னு போக முடியாது. கட்டாயப்படுத்தறாங்கன்னு அவளே எழுதிக் கொடுத்தா பார்க்கலாம். கொடுப்பாளா?"

"மாட்டா" என்றேன்.

"அப்ப ஒண்ணும் செய்யறதுக்கில்ல."

எட்டு வருடம் கூடவே இருந்த ஆயா போய்விட்டாள் என்பது டாக்டருக்கு மற்றவர்களைவிடப் பெரிய நஷ்டம். என் பக்கமே திரும்பாமல் காபியைக் கலக்கிக்கொண்டிருந்தார். ஆடிட்டர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். பிறகு காகிதத்தைப் புரட்டினார். மாதக் கடைசிக்குள் படிவம் போக வேண்டும். எங்கள் பட்டியலில் இரண்டாவதாக ஒரு பெண் இருந்தாள், போலாரம் பக்கம், கம்ப்யூட்டர் பயிற்சிக்கு உதவி கேட்டவள். அவளுக்குக் கொடுத்துவிடலாம் என்று முடிவாயிற்று. அதில் தப்பில்லை.

"மறுபடி எல்லாரும் பட்டு கட்டிட்டு வரணுமா?" என்றார் பல் மருத்துவர்.

"எதுக்கு?" என்றார் ஆடிட்டர். "போட்டோ இருக்கே. முதுகுதானே தெரியுது."

"கையில யூனிபார்ம் இருக்கு" என்று யாரோ சொன்னார்கள்.

"மடிச்ச துணி. ஏதோ பரிசுன்னு நினைச்சுக்குவாங்க."

"அது அந்தப் பொண்ணு இல்லையே" என்றேன் நான்.

ஆடிட்டர் என்னைப் பார்த்தார். குத்திப்பேசும் பழக்கம் அவருக்குக் கிடையாது. கணக்கில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவைப்பதுபோலச் சொன்னார்.

"யாருன்னு தெரியக் கூடாதுன்னுதானே மேடம் நீங்க அப்படி எடுக்கச் சொன்னீங்க?"

கை தூக்கச் சொன்னார்கள். எல்லோரும் தூக்கினார்கள். என் கையும் மேலே போயிற்று. இதழாசிரியர் என்ற முறையில் படத்துக்குக் கீழே உள்ள வரியை மாற்றி எழுதியவளும் நானே. நர்ஸிங் என்ற இடத்தில் கம்ப்யூட்டர். வேறு ஒரு வார்த்தையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. அந்த வருடம் பெண்கல்விப் பிரிவில் எங்கள் கிளப்புக்குப் பரிசு வந்தது. நான் விலகவில்லை. விலகினால் பத்திரிகைக்கான இடம் மறுபடி காலியாகும், யாரையாவது கூப்பிடுவார்கள், அவள் என்னைவிட நன்றாக எழுதக்கூடும்.

படிவம் அனுப்பிய மூன்றாம் நாள் காலை, நான் காய்கறிக் கடையில் இருந்தபோது ஒரு போன் வந்தது. நர்ஸிங் பள்ளி அலுவலகம். விண்ணப்பத்தில் உள்ளூர்ப் பொறுப்பாளர் என்ற இடத்தில் என் எண்ணைக் கொடுத்திருந்தார்களாம். தாய் கொடுத்திருக்க வேண்டும். என்னிடம் கேட்கவில்லை, கேட்க வேண்டிய அவசியம் இருப்பதாக அவள் நினைத்திருக்க மாட்டாள். கிளார்க் தெலுங்கில் பேசினார். வகுப்பு தொடங்கிவிட்டது, உங்கள் பெண் இன்னும் வந்து சேரவில்லையே என்றார்.

"வரமாட்டா" என்றேன்.

"காரணம் ஏதாவது எழுதணும் மேடம்."

கடைக்காரர் தராசில் கத்தரிக்காயை வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் கிளார்க்குக்குப் பொறுமை இல்லை.

"கல்யாணம்னு போட்டுக்கவா?"

"போட்டுக்குங்க."

"சீட்டை அடுத்த பொண்ணுக்குக் குடுத்துடலாமா? அவங்கப்பா காலையிலேர்ந்து வெளியிலயே நின்னுக்கிட்டு இருக்காரு. நீங்க சரின்னு சொன்னாதான் கூப்பிட முடியும்."

சரி என்றேன். ‘ரண்டி, ரண்டி’ என்று அவர் தெலுங்கில் யாரையோ உள்ளே அழைப்பது கேட்டது.